கோழிக்கூட்டில் என்ன கோளாறு? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

வீட்டுக்குப் பின்னால் பத்து இருபது நாட்டுக்கோழி வளர்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கூடு அடித்துக் கொடுப்பதும் பழைய கூட்டைச் சரிசெய்வதும் என் தொழில். வருகிற புகார்கள் சுற்றிச் சுற்றிக் கீழே உள்ளவற்றுக்குள் அடங்கிவிடும். ஒவ்வொன்றிலும் காசு ஆகாத காரணம் முதலில், செலவு பிடிப்பது கடைசியில். அந்த வரிசையிலேயே பாருங்கள். மேலே இருப்பதை விட்டுக் கீழே தாவினால் வெல்டிங் பட்டறைக்காரருக்குத்தான் லாபம்.

எந்தத் தொல்லையானாலும் முதல் சோதனை ஒன்றுதான்: ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் டார்ச்சோடு கூட்டுக்குப் போங்கள். பகலில் காலிக் கூட்டைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. கோழி அடைந்த பிறகுதான் செல் (ரத்தம் குடிக்கும் பொடிப் பூச்சி) ஊர்வதும், நெடி தேங்குவதும், எலி நடமாட்டமும் தெரியும். உள்ளேயிருந்து ஒருவர் டார்ச் அடிக்க, வெளியே ஒருவர் சுற்றி வரட்டும். எந்தச் சந்தில் வெளிச்சம் கசிகிறதோ அதெல்லாம் ஏதோ ஒரு பிராணிக்கு வாசல்.

## பொழுது சாய்ந்தும் கோழி கூட்டுக்குள் போகவில்லை

"தம்பி, கூடு புதுசு, எல்லாம் சுத்தமாத்தான் வச்சிருக்கேன். ஒண்ணுகூட உள்ள போக மாட்டேங்குது, எல்லாம் முருங்கை மரத்துல ஏறிக்குதுப்பா" என்று ஒரு அக்கா போன் செய்தார். "ராத்திரி போய்ப் பார்த்தீங்களாக்கா?" என்றேன். பார்க்கவில்லை. பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை.

புதுக்கோழி, அல்லது கூட்டை இடம் மாற்றியிருக்கிறீர்கள். அப்படியானால் இது நோயும் இல்லை, குறையும் இல்லை. ஒரு வாரம் கோழிகளைக் கூட்டோடு சேர்ந்த வலைக்குள்ளேயே வைத்துத் தீனி போடுங்கள். சாயங்காலக் கம்பு, சோளத்தைக் கூட்டுக்குள் மட்டும் போடுங்கள். பழகிவிடும்.

உள்ளே கும்மிருட்டு. கோழிக்கு இருட்டில் கண் தெரியாது. நாலு பக்கமும் தகரம் அடித்த கூடு ஆறு மணிக்கே இருண்டுவிடும். வாசல் மேற்கே பார்த்திருந்தாலோ மேல்பக்கம் ஓரடி வலை இருந்தாலோ கடைசி வெளிச்சம் உள்ளே விழும்.

ஏறி உட்காரக் கட்டை இல்லை, அல்லது பற்றாது. ஒரு கோழிக்கு 6 முதல் 8 அங்குலம் இடம் வேண்டும். எல்லாக் கட்டையும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். ஒன்று மட்டும் உயரமாக இருந்தால் அதற்காகத் தினமும் சண்டை. ரெண்டு அங்குல அகலத்தில், முனை மழுக்கிய மரக்கட்டை நல்லது. இரும்புக் குழாய் வேண்டாம்: மார்கழியில் சில்லென்று இருக்கும், சித்திரையில் சுடும், எப்போதும் வழுக்கும்.

நேற்றுவரை போன கோழி இன்று வாசலில் நின்று தயங்குகிறது. இங்கேதான் கவனம் வேண்டும். காரணம் ரெண்டில் ஒன்று: பாம்போ மரநாயோ ராத்திரி வந்து போகிறது, அல்லது கூட்டில் செல் பற்றியிருக்கிறது. முதலாவதற்கு அடுத்த தலைப்பைப் பாருங்கள்.

செல்லுக்குச் சோதனை இது. கோழி அடைந்து ரெண்டு மணி நேரம் ஆன பிறகு, ஒரு வெள்ளைத் துணியைக் கட்டையின் அடிப்பக்கத்தில் அழுத்தி இழுங்கள். துணியில் சிவப்புக் கோடு விழுந்தால் அது ரத்தம் குடித்த செல். பகலில் ஒன்றுகூட அகப்படாது. கட்டை சுவரில் சேரும் மூட்டு, ஆணித் துளை, வெடித்த மூங்கில் கணு, இங்கெல்லாம் ஒளிந்துகொள்ளும். அந்த இடங்களில் உப்பும் மிளகுத்தூளும் கலந்து தூவியதுபோல் சாம்பல் நிறப் பொடி தெரியும்.

பேன் வேறு, அது கோழி உடம்பிலேயே இருக்கும். ஆசனவாய்ப் பக்கத்து இறகை விலக்கினால் ஓடுவது தெரியும், இறகின் அடியில் முட்டை கொத்தாக ஒட்டியிருக்கும். தெள்ளு என்றால் கொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் கருப்புப் புள்ளியாகக் கடித்துக்கொண்டு நகராமல் இருக்கும். உண்ணி, செல் மாதிரியே சந்துக்குள் பதுங்கும், ஆனால் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும். இந்த வித்தியாசம் தெரியாமல் எல்லாவற்றுக்கும் கோழி மேலேயே மருந்து அடிப்பதால்தான் செல் போவதில்லை. அது குடியிருப்பது கூட்டில்.

செய்ய வேண்டியது, சிக்கனமானதிலிருந்து:

1. தரையில் பரப்பிய கூளம் (உமி, தூள் மாதிரி) முழுவதையும் வாரி எரியுங்கள். முட்டைக் கூடையின் வைக்கோலும் போகட்டும்.
2. கட்டைகளைக் கழற்றி வெயிலில் போட்டு, மூட்டுகளில் கொதிநீர் ஊற்றி, காய்ந்ததும் வேப்பெண்ணெய் தடவுங்கள்.
3. இரும்பு, செங்கல் கூடென்றால் சந்துகளில் ஊதுவிளக்கால் தீ காட்டலாம். கீற்றுக் கூரையோ மூங்கில் தட்டியோ இருந்தால் அந்தப் பேச்சே வேண்டாம்.
4. சுவருக்குச் சுண்ணாம்பு அடியுங்கள், சந்து அடைபடும்படி கெட்டியாக.
5. ஏழாம் நாள் இதையெல்லாம் மறுபடி செய்யுங்கள். முதல் தடவை தப்பிய முட்டைகள் அதற்குள் பொரித்திருக்கும். இந்த ரெண்டாம் தடவையை விட்டுவிடுபவர்கள்தான் மாதாமாதம் புலம்புகிறார்கள்.

கோழிக்கு ஒரு ஓரத்தில் சாம்பலும் மணலும் கலந்த குழி வையுங்கள். புரண்டு புரண்டு பேனை அதுவே குறைத்துக்கொள்ளும்.

மருத்துவரைக் கூப்பிட வேண்டிய கட்டம்: கொண்டை வெளுத்துப்போனால், அடைக்கோழி முட்டையை விட்டு எழுந்து ஓடினால், ரெண்டு சுற்றுக்குப் பிறகும் துணி சிவந்தால். மாட்டு உண்ணிக்கு வாங்கிய மருந்தைக் குத்துமதிப்பாகக் கலந்து கோழி மேல் அடிக்காதீர்கள். அளவும், அதற்குப் பிறகு எத்தனை நாள் முட்டை தின்னக்கூடாது என்பதும் கால்நடை மருந்தகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை.

## விடிந்தால் ஒரு கோழி குறைகிறது, அல்லது செத்துக் கிடக்கிறது

"கீரி வந்துடுச்சு" என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். கீரி பகலில் திரியும் பிராணி. ராத்திரி நடந்த கொலைக்கு அதைப் பிடித்து என்ன பயன்? கிடக்கும் தடயத்தை முதலில் படியுங்கள்.

இறகு சிதறவில்லை, பெரிய கோழி அப்படியே இருக்கிறது, குஞ்சு மட்டும் காணோம். பாம்பு அல்லது பெருச்சாளி. தரையோரம் துளையும் பக்கத்தில் தள்ளிய மண்ணும் இருந்தால் பெருச்சாளி. செத்துக் கிடக்கும் கோழியின் தலையும் கழுத்தும் மட்டும் ஈரமாக, இறகு ஒட்டிப்போய் இருந்தால், பாம்பு விழுங்கப் பார்த்து முடியாமல் கக்கியிருக்கிறது.

தலை இல்லை, உடம்பு வலையோரம் கிடக்கிறது. வலைக்கண் பெரிது. பூனையோ மரநாயோ வெளியிலிருந்தே கையை விட்டு இழுத்திருக்கிறது. வலைக்கு வெளிப்பக்கம் இறகு கிடந்தால் சந்தேகமே இல்லை.

ஒரு கோழியைக் காணோம், கூரையோரம் இறகு. மரநாய். மரம், சுவர், கேபிள் வயர் எதிலும் ஏறி வரும். தரையைப் பலப்படுத்திவிட்டுக் கூரைக்கும் சுவருக்கும் நடுவே கையளவு சந்து விட்டிருப்பீர்கள்.

ஏழெட்டுக் கோழி செத்து ஆங்காங்கே கிடக்கிறது, தின்னவே இல்லை. நாய். அடிவலை உள்பக்கம் வளைந்திருக்கும்.

பட்டப்பகலில் போகிறது. குஞ்சென்றால் காகம், பருந்து, வல்லூறு. கொஞ்சம் பெரியதென்றால் இப்போது கீரியைச் சந்தேகியுங்கள். தாய்க்கோழியோடு குஞ்சுகளை முதல் மூன்று நான்கு வாரம் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைக்கும் பழக்கம் சும்மா வந்ததில்லை.

தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருக்கிறது, ஒரு இறகுகூட இல்லை, நல்ல கட்டுச்சேவலை மட்டும் காணோம். அது நாலு கால் பிராணி இல்லை. பூட்டு வாங்குங்கள்.

தடுப்பு வேலை, செலவு வரிசையில்:

முதலில் கதவு. சும்மா சாய்த்து வைக்கும் பலகையும் ஒற்றைக் கொண்டியும் போதாது. நாய் மூக்கால் நெம்பும், மரநாய் கையால் இழுக்கும். கொண்டியோடு ஒரு கம்பி ஊக்கு மாட்டுங்கள். கதவின் கீழ் மூலையைக் காலால் தள்ளிப் பாருங்கள், ஓரங்குலம் அசைந்தால் அங்கே இன்னொரு தாழ்ப்பாள்.

அடுத்து வலை. கடையில் கோழி வலை என்று தரும் அறுகோண வலை, கோழி வெளியே போகாமல் இருக்கத்தான் உதவும். உள்ளே வருவதைத் தடுக்காது, தெருநாய் பல்லால் கிழித்துவிடும். அரை அங்குலக் கண் வெல்டு மெஷ் கேளுங்கள். முழுக் கூட்டுக்கும் கட்டுப்படியாகாவிட்டால் தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்கும், கட்டைக்குப் பக்கத்திலும், கூரையோரச் சந்திலும் மட்டுமாவது அடியுங்கள். கட்டுக்கம்பியில் கட்டாமல் பட்டை வைத்து ஸ்க்ரூ முடுக்குங்கள்.

பிறகு தரை. சுற்றிலும் ஓரடி ஆழம் தோண்டி வலையை இறக்குவது ஒரு வழி. பாறை மண் என்றால் தோண்டவே வேண்டாம்: வலையை வெளிப்பக்கமாக ஒன்றரையடி தரையில் விரித்து, மேலே கல்லும் மண்ணும் போடுங்கள். சுவரோரம் தோண்டும் பிராணிக்கு ஒன்றரையடி தள்ளிப் போய் ஆரம்பிக்கலாம் என்று தோன்றாது. பெருச்சாளித் துளையைக் கண்ணாடித் துண்டும் சிமெண்டும் கலந்து அடைக்கலாம்.

கடைசியில்தான் கால் வைத்த கூடு. தரையிலிருந்து ரெண்டரை அடி உயர்த்தி, கால்களில் வழுவழுப்பான தகடு சுற்றினால் எலி ஏறாது. இதற்குப் பட்டறைக்குப் போயே ஆக வேண்டும். கூடவே கூட்டைச் சுற்றி விறகு, தென்னை மட்டை, செங்கல் குவியல் எதுவும் வேண்டாம். பாம்பு கோழிக்காக வருவதைவிட அங்கே இருக்கும் எலிக்காக வருவதே அதிகம்.

நிறுத்திக்கொள்ள வேண்டிய இடம்: கூட்டுக்குள் பாம்பு இருந்தால் கம்பை எடுக்காதீர்கள். தீயணைப்புத் துறைக்கு 101-இல் சொல்லுங்கள். மரநாய், கீரி, பாம்பு எல்லாம் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. விஷம் வைப்பதும் கண்ணி வைப்பதும் குற்றம், அந்த விஷத்தைத் தின்னப்போவது பெரும்பாலும் பக்கத்து வீட்டு நாயும் உங்கள் கோழியும்தான். திரும்பத் திரும்ப வந்தால் வனத்துறையிடம் சொல்லிப் பிடித்துப்போகச் சொல்லுங்கள்.

## கதவைத் திறந்ததும் மூக்கில் நெடி ஏறுகிறது, கண் எரிகிறது

நின்றபடி மோந்து பார்க்காதீர்கள். கோழி தூங்கும் உயரத்துக்குக் குனிந்து ஒரு நிமிஷம் இருங்கள். உங்களுக்குக் கண் கரித்தால், ராத்திரி முழுக்க அங்கே இருக்கும் கோழிக்குக் கண்ணில் நீர் வடிவதும் மூச்சில் கரகரப்பு வருவதும் ஆச்சரியமில்லை. சளி மருந்து கொடுத்து மாளாது.

கூளத்தை ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடியுங்கள். கையைத் திறந்ததும் மெல்ல உதிர்ந்தால் சரி. உருண்டையாகவே நின்றால் ஈரம். தூசியாகப் பறந்தால் ரொம்பக் காய்ந்திருக்கிறது, அதற்கும் இருமும்.

ஈரமென்றால் எங்கே ஈரம் என்று பாருங்கள்.

- தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றி மட்டும்: பாத்திரத்தின் விளிம்பைக் கோழியின் முதுகு உயரத்துக்குத் தூக்குங்கள். ரெண்டு செங்கல் போதும். ராத்திரிக்குத் தண்ணீர் தேவையில்லை, வெளியே எடுத்துவிடலாம்.
- கட்டைக்குக் கீழே மட்டும்: எச்சம் விழுகிற இடம். அங்கே ஒரு பழைய சாக்கை விரித்து, காலையில் உதறுங்கள்.
- சுவரோரம்: சாரல். கூரை மூன்றடியாவது வெளியே நீள வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழைக்குத் தார்ப்பாய் கட்டுபவர்கள் அதை மேலிருந்து கீழே முழுக்க இறக்கிவிடுகிறார்கள். கீழ்ப்பக்கத்தை மூடி, மேலே ஓரடி திறந்து விடுங்கள். நெடியும் சூடும் மேலே ஏறித்தான் வெளியேறும்.
- தரை முழுக்க: தண்ணீர் அடியிலிருந்து ஏறுகிறது. தரைமட்டம் வெளியைவிட ஓரடி உயர வேண்டும், சுற்றி வாய்க்கால் வேண்டும். இதற்குக் கொத்தனார்தான்.

நெல் உமி, தேங்காய் நார்க்கழிவு, கடலைத்தோல், இழைப்புத்தூள் எதுவானாலும் 3 அங்குலத்துக்குப் போட்டு, வாரத்துக்கு ரெண்டு முறை கிளறினாலே பாதி நெடி போய்விடும். ஈரக் கூளத்தின் மேல் சுண்ணாம்பைக் கொட்டாதீர்கள். கொட்டிய உடனே நெடி இன்னும் தூக்கும். ஈரத்தை வாரி வெளியேற்றிய பிறகு, வெறும் தரையில் தூவிக் காயவிட்டு, மேலே புதுக் கூளம் போடுவதுதான் முறை.

ஈரக் கூளத்தோடு மூன்றிலிருந்து ஆறு வாரக் குஞ்சுகள் ரத்தமாகக் கழிந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். அது ரத்தக் கழிச்சல், மருந்து வேண்டும்.

## மத்தியானம் வாயைப் பிளந்து மூச்சு வாங்குகிறது

சித்திரை வெயிலில் மதியம் ரெண்டு மணிக்குக் கூட்டுக்குள் கையை நீட்டிக் கூரையை அடியிலிருந்து தொட முயலுங்கள். கை பொறுக்காவிட்டால் நோய் தேட வேண்டாம்.

தண்ணீரை முதலில் பாருங்கள். வெயிலில் வைத்த பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீர் சுடும், கோழி குடிக்காது. மண்சட்டியில், நிழலில், ரெண்டு இடத்தில் வையுங்கள். தீனியைக் காலை வெயிலுக்கு முன்னும் சாயங்காலமும் போடுங்கள். அடுத்தது கூரை: தகரம், சிமெண்ட் ஷீட் மேல் தென்னங்கீற்று போடலாம், இல்லாவிட்டால் வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கலாம். நனைத்த சாக்கைப் பக்கவாட்டில் தொங்கவிட்டால் காற்று வழி அடைபடாமல் பாருங்கள். காற்றில்லாத ஈரம் வெறும் புழுக்கம். கடைசிச் செலவு, கூட்டின் நீளவாக்கைக் கிழக்கு மேற்காகத் திருப்புவது. அப்படி இருந்தால் காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கத்தில்தான் படும். புதிதாகக் கட்டுபவர்களுக்கு இது இலவசம்.

சுருண்டு விழுந்த கோழியை நிழலுக்குக் கொண்டுபோய்க் காலையும் கொண்டையையும் நனையுங்கள். தானாகக் குடித்தால் குடிக்கட்டும், வாயில் ஊற்றினால் புரையேறிச் சாகும். காலை ஏழு மணிக்கே வாய் பிளந்திருந்தால் அது வெயில் இல்லை. மருத்துவரிடம் போங்கள்.

## முட்டை காணோம், உடைந்து கிடக்கிறது, கண்ட இடத்தில் இடுகிறது

கண்ட இடத்தில் இட்டால் பெட்டி சரியில்லை. நாலைந்து பெட்டைக்கு ஒரு பெட்டி, ஓரடிக்கு ஓரடி, கொஞ்சம் இருட்டாக, அடையும் கட்டையைவிடத் தாழ்வாக. கட்டையைவிட உயர்ந்தால் பெட்டியிலேயே தூங்கி அசிங்கம் பண்ணும். ஒரு கூழாங்கல்லையோ பிளாஸ்டிக் முட்டையையோ உள்ளே வைத்தால் பழகும்.

ஓடே இல்லாமல் காணாமல் போனால் பாம்பு அல்லது எலி. ஓடு உடைந்து வைக்கோல் ஈரமாக இருந்தால் கோழியின் அலகைப் பாருங்கள், மஞ்சள் காய்ந்திருக்கும். ஒரு நாளைக்கு ரெண்டு முறை முட்டையை எடுங்கள், கிளிஞ்சல் தூளைத் தனிச் சட்டியில் வையுங்கள். ஓடு கெட்டியானால் பழக்கம் பெரும்பாலும் நிற்கும். நிற்காவிட்டால் அந்த ஒரு கோழியைக் குழம்புக்கு அனுப்புவதே நல்லது.

## குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்குகின்றன

பல்பைப் பாருங்கள். எல்இடி பல்ப் போட்டுவிட்டு "லைட் எரியுதே" என்பவர்கள் நிறையப் பேர். அது வெளிச்சம் தரும், குஞ்சுக்கு வேண்டிய சூட்டைத் தராது. பழைய குண்டு பல்ப் வேண்டும், முதல் வாரம் ஒரு குஞ்சுக்கு 2 வாட் கணக்கு. பல்புக்கடியில் குவிந்தால் குளிர், ஓரத்துக்கு ஓடினால் சூடு, பரவலாகப் படுத்தால் சரி. பல்பை ஏற்றி இறக்கிச் சரிசெய்யுங்கள். மூலையே இல்லாதபடி தகட்டையோ அட்டையையோ வட்டமாக வளைத்து நிறுத்துங்கள், நசுங்குவது நின்றுவிடும்.

ஒயரை எலி கடித்திருந்தாலோ, ஈரக் கையில் வலையைத் தொட்டதும் சுருக்கென்றாலோ மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கூடு முழுக்க இரும்பு.

## கூட்டில் குறை இல்லை, ஆனாலும் சாகிறது

இங்கே என் வேலை முடிகிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ கழிச்சல், கழுத்து முறுக்குவது, இறக்கை தொங்குவது என்றால் வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். வந்த பிறகு மருந்தில்லை, தடுப்பூசிதான் வழி. ஆண்டுதோறும் பிப்ரவரியை ஒட்டிக் கால்நடைத் துறை நடத்தும் இருவார முகாமில் இலவசமாகப் போடுகிறார்கள். கொண்டையில் கொப்புளம் என்றால் அம்மை. கொசு பரப்பும், தேங்கிய தண்ணீரைக் கொட்டுங்கள். கொண்டை நீலம் பாரித்துத் திடீரென்று பல கோழி விழுந்தால் அறுத்துப் பார்க்கவும் வேண்டாம், சமைக்கவும் வேண்டாம். வெறுங்கையால் தொடாமல் உடனே மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். போக முடியாத ஊர் என்றால் கால்நடை மருத்துவ உதவி எண் 1962-க்கு அழைக்கலாம்.

மருத்துவர் கேட்பார்: எத்தனை கோழியில் எத்தனை செத்தது, எந்த வயது, எச்சம் என்ன நிறம், கடைசியாக எப்போது ஊசி, சந்தையிலிருந்து புதிதாகக் கோழி வந்ததா. இதைக் குறித்துக்கொண்டு போங்கள். செத்ததை நாய் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதைத்து, மீதியைச் சந்தைக்கு ஓட்டாமல் கூட்டிலேயே நிறுத்துங்கள். கூடு காலியாகிவிட்டால் கூளத்தை எரித்து, கழுவி, சுண்ணாம்பு அடித்துத் திறந்தபடி வெயிலில் போடுங்கள். புதுக்கோழி எப்போது விடலாம் என்பதை மருத்துவரே சொல்லட்டும்.